இரண்டாவது இசைத்தட்டு

லட்சக்கணக்கில் விற்ற புஸ்தகம் என்று யாராவது ஒன்றைக் கையில் கொடுத்தால் எனக்கு முதலில் உண்டாவது சந்தேகம்தான். பொறாமை என்று சிநேகிதர்கள் சொல்லுவார்கள். கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம். இல்லையென்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை. ஆனால் அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ஏராளமான பேருக்கு ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டுமானால், எழுதுகிறவன் தன்னிடமுள்ள கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டுதான் ஆகவேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் நெடுநாளாக இருந்துவரும் கட்சி. அந்தக் கட்சிக்காக நானும் பேனா பிடித்திருக்கிறேன்.

அதிலும் ஜயித்தது ஒருவனுடைய இரண்டாவது படைப்பு என்றால் என் சந்தேகம் இன்னும் பலக்கும். முதல் நாவல் எப்படியோ ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் அவன் செய்யக்கூடிய மிகச் சுலபமான காரியம், அதே நாவலை வேறு ஊரில் வேறு கதாநாயகியை வைத்து மறுபடியும் எழுதிவிடுவது. வாசகர்களும் அதைத்தான் கேட்பார்கள். பிரசுரகர்த்தருக்கும் அதில்தான் நிம்மதி. இந்தக் காரியத்தைச் செய்யாதவர்கள் எங்களில் குறைவு. நானும் செய்திருக்கிறேன், அந்த நாவலின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

இந்த இரண்டு சந்தேகங்களையும் ஓர் ஆங்கில இசைத்தட்டு சேர்த்துக் கலைத்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். 1970-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் வெளியான 'பாரனாய்ட்' என்ற தட்டு. பாடியவர்கள் 'பிளாக் சாபத்' என்று பெயர் வைத்துக்கொண்ட நாலு வாலிபர்கள். அவர்கள் வாசித்த முறைக்கு 'ஹெவி மெட்டல்' என்ற பெயர் பிற்பாடு நிலைத்தது. பெயரைக் கேட்டாலே பாத்திரக் கடை ஞாபகம் வருகிறது என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்தத் தட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் என் தங்கையின் பிள்ளை. முதல் தடவை நான் முழுதாகக் கேட்கவில்லை. மின்சாரக் கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க விட்டிருக்கிறார்கள். ஒரு சின்னச் சங்கதியை எடுத்துக்கொண்டு, அதையே மறுபடியும் மறுபடியும் அழுத்தி வாசிக்கிறார்கள். அதற்கு 'ரிஃப்' என்று பெயராம். மேலே ஒருவர் நடுத்தெருவில் நின்று ஆபத்துக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் பாடுகிறார். நிறுத்திவிட்டேன். "சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்று கேள்விப்பட்டேனே?" என்று பையனைக் கேட்டேன். "மாமா, இரண்டாவது தட்டைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்லுங்கள்" என்றான். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தமில்லாத விஷயம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

முதலில் அவர்களுடைய முதல் தட்டைக் கேட்டேன். அதற்கும் 'பிளாக் சாபத்' என்றே பெயர். 1969-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லண்டனில் ஒரே நாளில் அதைப் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போனார்கள். 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி அது வெளிவந்தது. வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றாம் தேதியும் சேர்ந்து வந்தால் அவர்களுக்கு ஆகாத நாள். அதைப் பார்த்தே கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள்! தட்டைப் போட்டதும் மழை கொட்டுகிறது, இடி இடிக்கிறது, தூரத்தில் மாதாகோயில் மணி அடிக்கிறது. பிறகு கித்தார் மூன்று ஸ்வரங்களை வாசிக்கிறது. ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதிமத்யமம். அவ்வளவுதான். அந்த இடைவெளிக்கு ஐரோப்பிய சங்கீத சாஸ்திரத்தில் 'சங்கீதத்திலுள்ள பிசாசு' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்சம் எடுத்ததாம்.

என் நண்பருக்கு இது விளங்கவே இல்லை. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரி பாதி, முப்பத்தாறு, பிரதிமத்யமத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. கல்யாணி அந்தப் பாதியில்தான் இருக்கிறாள். "கல்யாணி பாடினால் பிசாசு வருமா, ஸார்? அட, கல்யாணமல்லவா நடக்கிறது!" என்றார். நியாயமான கேள்விதான். பயம் ஸ்வரத்தில் இல்லை, ஸ்வரத்தைக் கேட்டுப் பழகின காதில் இருக்கிறது என்று அவருக்கு நான் சொன்ன பதிலும் எனக்குச் சரியாகவே பட்டது. அவர்கள் காதில் மாதாகோயில் இருக்கிறது. அங்கே எது ஆகாதோ அதை வாசித்தால் அவர்களுக்கு நடுங்குகிறது.

ஆனால் அந்த முதல் தட்டின் பயம் இரவல் வாங்கின பயம் என்பது என் அபிப்பிராயம். 'பிளாக் சாபத்' என்ற பெயரே ஒரு சினிமாவிலிருந்து வந்தது. போரிஸ் கார்லாஃப் நடித்து 1963-இல் வெளியான பயங்கரப் படம் அது. காசு கொடுத்துப் பயப்படுவதற்கு இத்தனை பேர் கொட்டகைக்குப் போகிறார்களே, பயமுறுத்தும் சங்கீதம் ஒன்று செய்தால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது. யோசனை கெட்டிக்காரத்தனமானது. மழையும் மணியும் கறுப்பு உருவமும் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த சாமான்கள். கேட்கும்போது பயமாக இருக்கிறது. விளக்கைப் போட்டால் போய்விடுகிறது. தட்டு நன்றாக விற்றது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம்வரை போயிற்று. பத்திரிகை விமர்சகர்கள் மட்டும் காறித் துப்பினார்கள்.

எட்டாம் இடத்துக்கு வந்தவர்கள் அடுத்த தட்டில் என்ன செய்திருக்க வேண்டும்? என் அனுபவப்படி, மழைக்குப் பதில் புயல்; மணி இன்னும் கொஞ்சம் உரக்க. ஏழு மாதம் கழித்து வந்த இரண்டாவது தட்டில் சாத்தானைக் காணோம். ஒரு பாட்டில் மட்டும் கடைசியில் வந்து சிரித்துவிட்டுப் போகிறான். மற்றப்படி எட்டு உருப்படிகளில் இருப்பது யுத்தம், அணுகுண்டு, ஊசி போட்டுக்கொண்டு சாகிற சிப்பாய், புத்தி நிலைகொள்ளாமல் தவிக்கும் ஒருவன். சினிமாவிலிருந்து வந்த பயம் போய், சொந்த வீட்டுப் பயம் வந்துவிட்டது. விளக்கைப் போட்டாலும் இது போகவில்லை.

அந்த வீடு எங்கே இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாலு பேரும் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையைச் சேர்ந்தவர்கள். 1948, 1949 வருஷங்களில் பிறந்தவர்கள். பர்மிங்ஹாம் ஆயுதங்களும் விமானங்களும் செய்த ஊர். ஆகவே இரண்டாவது மகா யுத்தத்தில் ஜெர்மன் விமானங்கள் அதைத் தேடித் தேடிக் குண்டு போட்டன. இந்தப் பிள்ளைகள் விளையாடி வளர்ந்தது இடிந்த வீடுகளுக்கு நடுவில். பெரியவர்கள் பேச்செல்லாம் யுத்தம். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஃபாக்டரி. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். கார் ஹார்ன்களுக்குச் சுருதி சேர்க்கிற வேலையும் பார்த்திருக்கிறார். (அவருடைய குரலைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகம் இதைப் படித்ததும் தீர்ந்தது.) திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையிலும் இருந்தார். பாஸ் கித்தார் வாசித்த கீஸர் பட்லர் கணக்கு எழுதியவர். பாட்டுகளுக்குச் சாகித்தியம் பெரும்பாலும் இவருடையது. டிரம் வாசித்தவர் பில் வார்ட். கித்தார் டோனி அயோமி.

அயோமியின் விரல் கதையை எங்கே படித்தாலும் நான் நின்று படிப்பேன். தகட்டு ஃபாக்டரி ஒன்றில் வேலை. வயசு பதினேழு. கித்தார் வாசிப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று வேலையை விட்டு நின்றுகொள்ள முடிவு செய்துவிட்டான். கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், இனிமேல் போகவேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டானாம். அம்மா விடவில்லை, ஒப்புக்கொண்ட வேலையைச் சரியாக முடித்துவிட்டு வா என்று அனுப்பினாள். அன்று வேறொருவர் வராததால், பழக்கமில்லாத இயந்திரத்தில் அவனை நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. அவன் இடது கைப் பழக்கமுள்ளவன். ஆகவே தந்திகளை அழுத்தி ஸ்வரம் பிடிக்கிற கை வலது கைதான்.

ஒரு நாவலில் இதை எழுதினால் "அம்மா அனுப்பியிருக்க வேண்டாம், மிகையாக இருக்கிறது" என்று என் விமர்சகர்களே சொல்லுவார்கள். வாழ்க்கைக்கு விமர்சகர் இல்லை.

ஃபாக்டரியில் மேஸ்திரி ஒருவர் படுத்துக்கிடந்த பையனைப் பார்க்க வந்து ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்து, கேள் என்றார். கேட்டு முடித்த பிறகுதான் சொன்னார், இந்த மனிதருக்கு இடது கையில் இரண்டு விரல் சரியாக வேலை செய்யாது என்று. 1928-இல் தீ விபத்தில் கை வெந்தவர் ரைன்ஹார்ட். அயோமி எழுந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி விரல் நுனிகளுக்குத் தையற்காரன் தொப்பி மாதிரி இரண்டு மூடி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டான். பிளாஸ்டிக்குக்குத் தந்தியின் ஸ்பரிசம் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ளவேண்டும். கனமான தந்தி வலித்ததால் மெல்லிய தந்திகளைப் போட்டான். விரல்களை அகலப் பரப்பிப் பிடிக்கவேண்டிய கூட்டு ஸ்வரங்களைக் குறைத்துக்கொண்டு, இரண்டே ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பதைத் தன் வழியாக ஆக்கிக்கொண்டான்.

அந்த இரண்டு ஸ்வரம் எவை? ஷட்ஜமும் பஞ்சமமும்! இதை என் நண்பரிடம் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பூரா மீட்டினால் நம் காதில் விழுகிற அதே இரண்டு. தம்பூராவில் அது தியானமாக இருக்கிறது. மின்சாரத்தைக் கூட்டி முறுக்கினால் இரும்பு உருளுகிற மாதிரி இருக்கிறது. இன்னும் நாலு ஸ்வரம் சேர்த்தால் கரகரப்பில் எல்லாம் குழம்பிச் சேறாகிவிடும். ஷட்ஜ பஞ்சமம் மட்டும்தான் அந்தக் கரகரப்பைத் தாங்கி நிற்கிறது. ஊனத்தால் வந்த சிக்கனமே அந்த ஒலிக்கு எலும்பாயிற்று. உலகமெங்கும் பத்து விரலும் நன்றாயிருக்கிற பிள்ளைகள் அன்று முதல் இப்படித்தான் வாசித்துவருகிறார்கள்.

தட்டின் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. யுத்தப் பன்றிகள். எட்டு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று விநாடிதான் குறைவு. சூரிச் நகரத்தில் ஒரு விடுதியில், கேட்பதற்கு அதிகம் பேர் இல்லாத சபையில், நாள்தோறும் பல தடவை மேடையேறிப் பொழுதை ஓட்டவேண்டியிருந்த நாட்களில் உருவான பாட்டு இது. சரக்கு தீர்ந்துபோனால் என்ன செய்வது? இருக்கிறதை நீட்டினார்கள். இதை நான் கவனித்ததற்குக் காரணம் உண்டு. முதல் தட்டு புகழ் தேடித் தருவதற்கு முன்பே இரண்டாவதின் தலைப்பாட்டு அவர்கள் கையில் இருந்திருக்கிறது. ஜயித்த பிறகு உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தால் இது எப்படி இருந்திருக்குமோ!

மெதுவாக, பாரவண்டி ஏற்றத்தில் ஏறுவதுபோலத் தொடங்குகிறது. பின்னாலே விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊளையிடுகிறது. திடீரென்று எல்லாம் நின்றுவிடுகின்றன. டிரம்காரரின் தாளத்தட்டு மட்டும் 'டிக், டிக்' என்று கடிகாரம் மாதிரி ஓடுகிறது. கித்தார் இரண்டு அடி அடித்துவிட்டு ஓய்கிறது. அந்தக் காலி இடத்தில் ஆஸ்போர்ன் துணையில்லாமல் பாடுகிறார். சப்தத்துக்குப் பேர்போன இந்தக் கூட்டத்துக்கு நிசப்தத்தின் விலை தெரிந்திருக்கிறது என்பதை நான் கண்டுகொண்ட இடம் இது. தளபதிகள் மேஜையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். ஏழைகள் போய்ச் சாகிறார்கள். கடைசியில் நியாயத் தீர்ப்பு நாள் வருகிறது. இதுதான் விஷயம். புதிதல்ல.

சாகித்தியத்தில் குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு அடிகளின் ஈற்றில் ஒரே சொல்லை வைத்து, அந்தச் சொல்லுக்கு அதையே இயைபாக்கியிருக்கிறார் பட்லர். நம் ஊரில் சந்தம் கற்றுக்கொள்கிற பையன் இப்படிச் செய்தால் வாத்தியார் காதைத் திருகுவார். ஆனால் எழுதியவருக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயசு. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். இங்கிலாந்து தன் சேனையை அங்கே அனுப்பவில்லை. ஆனாலும் அனுப்பிவிடும், தன் வயசுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் பயந்திருக்கிறார். இந்தப் பாட்டுக்கு முதலில் அவர் வைத்த பெயர் 'வால்புர்கிஸ்'; சூனியக்காரிகள் கூடுகிற இரவு. யுத்தத்தைவிடப் பெரிய சாத்தான் பூஜை வேறு கிடையாது என்ற கருத்தில் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். முதல் தட்டிலிருந்து இரண்டாவதுக்கு வந்த தூரம் முழுவதும் இந்த ஒரு பெயர் மாற்றத்தில் இருக்கிறதாக எனக்குத் தோன்றுகிறது. சூனியக்காரிகள் போய்விட்டார்கள், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பன்றிகள்.

'அயர்ன் மேன்' என்ற பாட்டைப் பற்றி மேல்நாட்டார் நிறையச் சொல்லுவார்கள். கித்தார் எந்த ஸ்வரங்களை வாசிக்கிறதோ அதே ஸ்வரங்களைத்தான் குரலும் பாடுகிறது. இது கற்பனை வறட்சி என்று சிலருக்குப் பட்டிருக்கிறது. பாட்டுக்காரருடைய சங்கதியைப் பிடில்காரர் நிழல்போலத் தொடர்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கதைதான் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. காலத்தைத் தாண்டிப் போய் உலகத்தின் அழிவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன், வழியில் இரும்பாகிவிடுகிறான். சொல்ல வந்ததைச் சொல்ல வாயில்லை. ஊரார் அவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆகவே எந்த அழிவிலிருந்து அவர்களைக் காப்பாற்ற வந்தானோ அதைத் தானே செய்துமுடிக்கிறான். எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு சிறுபிள்ளைத்தனம் இல்லையோ என்றும் படுகிறது. ஃபாக்டரிப் பேட்டைப் பிள்ளைகள் இரும்பாகிப்போன மனிதன் என்று எழுதும்போது அதை விஞ்ஞானக் கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மற்றவற்றில் 'பிளானட் காரவான்' மெல்லிய பாட்டு. சுழலுகிற ஒலிபெருக்கி வழியாக ஆஸ்போர்னின் குரலை அனுப்பி, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலச் செய்திருக்கிறார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள நல்ல இடம். 'எலக்ட்ரிக் ஃப்யூனரல்' அணுகுண்டு. 'ராட் ஸாலட்' டிரம்காரருக்காக. தனி ஆவர்த்தனம் என்று எண்ணி எழுந்துபோய்விடாதீர்கள், இரண்டரை நிமிஷம்தான். கடைசிப் பாட்டு மொட்டைத் தலைப் போக்கிரிகளோடு நடந்த ஒரு சண்டையிலிருந்து பிறந்ததாம். அதில் எனக்கு ருசியில்லை.

நான் மறுபடியும் மறுபடியும் போட்டுக் கேட்டது 'ஹாண்ட் ஆஃப் டூம்'. அமெரிக்கப் படை முகாம்களில் வாசிக்கப் போன இடத்தில், வியட்நாமிலிருந்து திரும்பின சிப்பாய்கள் ஹெராயின் ஊசிக்கு அடிமையாகிக் கிடந்ததை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாஸ் கித்தார் மட்டும் தனியாக, அடுத்த அறையில் யாரோ நடப்பதுபோலத் தொடங்குகிறது. குரலும் அடங்கித்தான் வருகிறது. திடுமென்று முழுப் பட்டாளமும் மேலே விழுகிறது. மறுபடி அடக்கம். போதை ஏறுவதும் இறங்குவதும் இப்படித்தான் இருக்குமோ என்று போதைப் பழக்கமே இல்லாத எனக்குத் தோன்றிற்று. யுத்தத்தை எதிர்த்துப் பாடினவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சாகிறவனைப் பற்றிப் பாட அவ்வளவு பேர் இல்லை. ஒரு குறை மட்டும் சொல்லுவேன். அந்தச் சிப்பாயைப் பாட்டு கொஞ்சம் அதிகமாகவே கண்டிக்கிறது. "சொன்னேனே, கேட்டாயா?" என்ற தொனி. இளம் வயசில் நமக்கெல்லாம் இப்படிக் கண்டிக்கத்தான் தெரிகிறது. அதைப் பாடின வாயும் வாசித்த கைகளும் அடுத்த சில வருஷங்களில் போதையில் என்ன பாடுபட்டன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இனி, பெயர் கொடுத்த பாட்டு. தட்டுக்கு 'வார் பிக்ஸ்' என்றே பெயர் வைப்பதாக இருந்தார்கள். அட்டைப் படமும் அதற்காகவே எடுத்தாகிவிட்டது: இருட்டில் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் வாளும் கேடயமுமாகப் பாய்ந்து வருகிறான். பதிவு முடிகிற சமயத்தில், தட்டு நிறையவில்லை, இன்னும் மூன்று நிமிஷத்துக்கு ஏதாவது வேண்டும் என்று தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் கேட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அயோமி தனியாக உட்கார்ந்து ஒரு ரிஃப் கண்டுபிடித்தார். அவர்கள் திரும்பி வந்ததும் பட்லர் சொற்களை எழுதினார். ஆஸ்போர்ன் காகிதத்தைப் பார்த்துப் பாடினார். இரண்டு நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடி. அது 'பாரனாய்ட்'.

இந்தப் பாட்டு தனித்தட்டாக வெளிவந்து இங்கிலாந்தில் நாலாம் இடத்துக்கு ஏறிற்று. அதன் பெயரையே முழுத் தட்டுக்கும் வைத்து வெளியிட்டார்கள். தட்டு முதலிடத்துக்கே போயிற்று. அட்டையில் மட்டும் வாள்காரன் அப்படியே இருக்கிறான். தான் எந்தக் கதையில் வருகிறோம் என்று தெரியாமல், கதை மாறிப்போன பிறகும் பாய்ந்துகொண்டே இருக்கிறான் பாவம். அவர்கள் மறுபடி இங்கிலாந்தில் முதலிடம் பிடிக்க நாற்பத்துமூன்று வருஷமாயிற்று. 2013-இல் '13' என்ற தட்டு.

சாப்பாட்டு நேரத்தில் செய்த பாட்டு என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உள்ளூரக் கோபம் வந்தது. நாலு வருஷம் உழைத்து எழுதின நாவலை விட்டுவிட்டு, பத்திரிகையில் பக்கம் நிரப்பக் கொடுத்த சிறுகதையைப் புகழ்கிறவர்களிடம் எனக்கு வருகிற அதே கோபம். சரி, பக்கம் நிரப்பின சரக்கு எப்படித்தான் இருக்கிறது என்று கேட்டேன். கித்தார் ஓட்டமாக ஓடுகிறது. ஒருவன் பேசுகிறான். மனசில் எதுவும் ஒட்டவில்லை. சந்தோஷம் என்றால் என்னவென்று தெரியவில்லை. சிரிக்கவேண்டிய இடத்தில் அழுகை வருகிறது. இதைத்தான் சொல்லுகிறான். 'பாரனாய்ட்' என்ற சொல் பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம், பிறர் தனக்குக் கெடுதல் நினைக்கிறார்கள் என்று வீணாகச் சந்தேகிப்பவன் என்பது. பாட்டில் இருப்பவனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அவனுக்கு வந்திருப்பது மனச்சோர்வு. பட்லர் தமக்கிருந்த சோர்வைத்தான் எழுதியிருக்கிறார். அதற்குச் சரியான பெயர் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 1970-இல் ஆஸ்டனில் ஃபாக்டரிக்காரன் மகன் யாரிடம் போய் எனக்கு மனசு சரியில்லை என்று சொல்லுவான்? கேட்டவன் இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பான். ஆகவே எங்கேயோ காதில் விழுந்த ஒரு சொல்லை எடுத்து மேலே ஒட்டினார்கள். தப்பான சீட்டு ஒட்டின மருந்துப் புட்டி!

வேகமாகச் செய்ததால் அதில் பொய் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் பட்லர் அந்தச் சோர்வுக்கு ஒரு கறுப்பு அங்கி போர்த்தி, பின்னால் ஒரு மணியையும் அடித்திருப்பார். மற்ற ஏழு உருப்படிகளும் நின்று பேசுகின்றன. இது ஒன்றுதான் ஓடிக்கொண்டே, கதவைத் திறந்துவிட்டு ஓடிக்கொண்டே, சொல்லிவிட்டுப் போகிறது. லட்சக்கணக்கான பேர் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். வந்த பிறகு யுத்தப் பன்றிகளையும் சிப்பாயையும் கேட்காமல் அவர்களால் வெளியே போக முடியவில்லை. இந்த விற்பனையில் எதை மழுக்கினார்கள் என்று தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தனித்தட்டு ஜயித்ததும் கச்சேரிகளுக்குச் சின்னப் பெண்கள் வந்து மேடையைப் பார்த்துக் கிறீச்சிடத் தொடங்கினார்கள். நாலு பேருக்கும் இது பிடிக்கவில்லை. 1972 வரையில் இங்கிலாந்தில் வேறு தனித்தட்டு வெளியிடாமலே இருந்துவிட்டார்கள். ஜயித்த சரக்கை மறுபடி செய்யாதிருக்க இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன்.

விமர்சகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தட்டை அமெரிக்காவில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எள்ளி நகையாடிற்று. அதே பத்திரிகை 2017-இல் ஹெவி மெட்டல் தட்டுகளில் தலைசிறந்த நூறைப் பட்டியல் போட்டபோது 'பாரனாய்ட்'டைத்தான் முதலிடத்தில் வைத்தது. நாற்பத்தேழு வருஷம் கழித்து! விமர்சகர்கள் தங்கள் தப்பைத் திருத்திக்கொள்வது அபூர்வம். பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள் திருத்துகிறார்கள். 1970-இல் நான் எழுதியிருந்தாலும் நகையாடித்தான் எழுதியிருப்பேன். இருபது நிமிஷத்தில் தட்டை நிறுத்தினவன் நான்.

2025-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்டனில், அவர்கள் பிறந்து வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், நாலு பேரும் கடைசித் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஆஸ்போர்னுக்கு எழுபத்தாறு வயசு. பார்க்கின்ஸன் நோயால் நிற்க முடியாது. ஆசனத்தில் உட்கார்ந்தே பாடினார். நாலே பாட்டு. அதில் ஒன்று முதல் தட்டிலிருந்து. மற்ற மூன்றும் இரண்டாவது தட்டு: 'வார் பிக்ஸ்', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்'. அதை என் தங்கை பிள்ளை எனக்குப் போட்டுக் காட்டினான். நண்பரும் இருந்தார். கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது அவர் கை தொடையில் தாளம் போட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி, ஆஸ்போர்ன் இறந்துபோனார். செய்தியைப் பையன்தான் டெலிபோனில் சொன்னான். அன்று ராத்திரி தட்டை எடுத்து, பெயர் கொடுத்த பாட்டைத் தாண்டி, 'ஹாண்ட் ஆஃப் டூம்' தொடங்குகிற இடத்தில் வைத்துக் கேட்டேன்.